படுத்துவிடும் என்று சொன்னேன்

ஒரு ஆப் எவ்வளவு கூட்டத்தைத் தாங்கும், எப்போது படுத்துவிடும் என்று முன்கூட்டியே சொல்வது என் தொழில். அதைக் கேட்க யாருக்கும் பிடிக்காது என்பதும் அந்தத் தொழிலில் அடக்கம்.

லோடு டெஸ்ட் என்பார்கள். நிஜ ஆட்கள் வருவதற்கு முன், கம்ப்யூட்டரை வைத்துப் பொய்யாக ஒரு கூட்டத்தை உள்ளே அனுப்பி, எங்கே மூச்சு முட்டுகிறது என்று பார்ப்பது. இதே பிழைப்பில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பல்லைக் கடித்துக்கொள்ளலாம், நான் தடுக்க மாட்டேன். மற்றவர்களுக்கு ஒரு விவரம். கோவையில் சரவணம்பட்டிப் பக்கம் ஒரு சின்ன கம்பெனியில் வேலை பார்க்கிறேன். கீழே வருவதெல்லாம் ஒரே ஆப்பால் வந்த வினை. உக்கடத்து ரஹீம் பாய் ஆனைமலைப் பக்கம் கொப்பரை ஏலம் நடத்துகிறார். விவசாயிகள் கொட்டகைக்குச் சரக்கைக் கொண்டுவந்து போட்டால், வியாபாரிகள் போனிலேயே விலை கேட்கிற மாதிரி ஒரு ஆப் வேண்டும் என்று எங்களிடம் வந்தார்.

கடைசி இரண்டு நிமிடம்

ஏலம் எப்படி நடக்கிறது என்று பார்க்க ஒரு நாள் அந்தக் கொட்டகைக்கே போனேன். வியாபாரிகள் கொப்பரையை உடைத்துப் பார்த்தார்கள், டீ குடித்தார்கள், மழை பற்றிப் பேசினார்கள். யாரும் விலை கேட்கவில்லை. முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது அத்தனை பேரும் ஒன்றாகக் கேட்டார்கள். அடுத்தவன் என்ன விலை கேட்கிறான் என்று தெரியாமல் யார் முதலில் வாயைத் திறப்பார்கள்?

திரும்பி வந்து அதே மாதிரி டெஸ்ட் வைத்தேன். கடைசி இரண்டு நிமிடத்தில் மொத்தக் கூட்டத்தையும் உள்ளே விட்டேன். ஆப் செத்துப் போனது. ரிசல்ட்டை எடுத்துக்கொண்டு மேனேஜர் செந்தில் சாரிடம் போனேன். திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏன் கண்ணு, எதுக்கு எல்லாரையும் ஒரே நேரத்துல உள்ள உடறே? கொஞ்சம் பொறுமையா வரச் சொல்லு."

சராசரி

அவர் சொன்னபடி கூட்டத்தை ஒரு மணி நேரத்துக்குப் பரப்பியும் ஓட்டினேன். அப்போதும் பலருக்கு உடனே திறந்தது, சிலருக்குத் திரை வரவே இல்லை. "சராசரி நல்லாத்தானே இருக்குது" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சார், கல்யாணத்துல முதல் பந்திக்கு எல்லாம் வந்துருச்சு, கடைசிப் பந்திக்குச் சோறே இல்லைன்னு வைங்க. சராசரியா எல்லாரும் சாப்பிட்டாங்கன்னு சொல்லுவீங்களா?" என்று கேட்டேன். யோசிக்கக்கூட இல்லை அந்த மனுஷன். "கல்யாணத்துக்குச் சாப்பிடவா வர்றாங்க? வாழ்த்தத்தானே வர்றாங்க."

காபி மெஷின் பக்கத்துச் சுவர்

வாராவாரம் புது வெர்ஷன் வரும். நான் ஓட்டிப் பார்த்து, திரை வர எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று ஒரு வரைபடத்தில் புள்ளி வைப்பேன். கோடு ஏறிக்கொண்டே போனது. காரணம் தெரிந்ததுதான். புரோகிராம் எழுதும் பிரபு ஒவ்வொரு சரக்குக்கும் எடுத்த போட்டோவைச் சுருக்காமல் அப்படியே சேர்த்திருந்தான். சொன்னால் "பாத்துக்கலாங்க்கா" என்பான், பார்க்க மாட்டான். மெயில் அனுப்பினால் யாரும் திறப்பதில்லை என்று, படத்தைப் பெரிதாக அச்செடுத்துக் காபி மெஷின் பக்கத்தில் ஒட்டினேன்.

ரஹீம் பாய் ஆபீசுக்கு வந்த அன்று காலையில் சுவர் வெறுமையாக இருந்தது. செந்தில் சார் தன் கையாலேயே கிழித்தாராம். நான் கொதித்துக்கொண்டு நின்றபோது பிரபு காபியோடு வந்தான். "கோடு மேல ஏறுறதப் பாத்து பாய் வளர்ச்சின்னு நெனச்சிருப்பாருங்க்கா, அப்படியே உட்டிருக்கலாம்."

மஞ்சள்

கடைசி ரிப்போர்ட்டில் சிவப்பு போட்டேன். இந்த நிலையில் வெளியே விடக் கூடாது என்று அர்த்தம். செந்தில் சார் மஞ்சளாக மாற்றச் சொன்னார். மஞ்சள் என்றால் கவனமாக விடலாம். மாட்டேன் என்றேன். அவரே மாற்றி, கீழே என் பெயர் இருப்பது இருந்தபடியே ரஹீம் பாய்க்கு அனுப்பிவிட்டார். போய்க் கேட்டேன். கோபத்தில் கத்தியே விட்டேன். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. "நல்ல காரியம் ஆரம்பிக்கறப்ப மஞ்சள்தான் அம்மணி மங்களம்."

போன்

முதல் ஏலத்தில் கடைசி இரண்டு நிமிடத்தில் ஆப் படுத்தது. போன்கள் அலற ஆரம்பித்ததும் செந்தில் சார் ஒரு போனை என் மேஜையில் வைத்துவிட்டு எங்கோ போனார். திட்டினவர்களைச் சமாளித்துவிட்டேன். ஆனைமலையிலிருந்து ஒரு விவசாயி பேசினார். அவர் திட்டவே இல்லை.

"தப்பா நெனச்சுக்காதீங்க அம்மணி. கூட வெல கேக்கறேன்னு சொன்ன வியாபாரி எம்பக்கத்துலதான் நின்னாருங்க. அமுத்தி அமுத்திப் பாத்தாருங்க. உங்க ஆப்பு சுத்திக்கிட்டே இருந்துச்சுங்க. மழைக்கு மூடி, வெயிலுக்குத் தொறந்து காய வெச்ச சரக்குங்க. மொதல்ல விழுந்த அடிமாட்டு வெலைக்கே போயிருச்சு."

அப்புறம் கேட்டார், சண்டைக்கு அல்ல, நிஜமாகவே தெரிந்துகொள்ள. "இதையெல்லாம் முன்னாடியே யாராச்சும் சோதிச்சுப் பாக்க மாட்டீங்களாங்க?"

கண்ணாடி அறை

மறுநாள் ரஹீம் பாய் வந்தார். கண்ணாடி போட்ட மீட்டிங் அறைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். செந்தில் சார் தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்திவிட்டு, "டெஸ்டிங்ல ஒண்ணு மிஸ் ஆயிருச்சுங்க பாய்" என்றார். என்னைக் காட்டித்தான் சொன்னார்.

"மிஸ் ஆகலைங்க" என்றேன். "கண்ணு, நீ கொஞ்சம் வெளிய இரு" என்றார் செந்தில் சார். நான் எழுந்திருக்கவில்லை. கொட்டகையில் பார்த்ததிலிருந்து மஞ்சள் வரைக்கும் வரிசையாகச் சொன்னேன். வேலை போனால் போகட்டும் என்றுதான் இருந்தது. ரஹீம் பாய் கேட்டு முடித்ததும், நேற்றைய ஏலத்தை ரத்து செய்துவிட்டு மறுபடி நடத்துவதாகச் சொன்னார். கதவருகே நின்று செந்தில் சாரைத் திரும்பிப் பார்த்தார். "இந்தம்மா சரின்னு சொன்னாத்தான் இனி ஆப்பு. அதுவரைக்கும் நான் வாயிலயே கூவிக்கறனுங்க."

மதிப்பீடு

அதன்பின் பிரபு போட்டோக்களைச் சுருக்கினான். விலை கேட்கும் பகுதியைத் தனியாகப் பிரித்து எழுதினான். கேலி பேசவில்லை. நான் மறுபடி மறுபடி கூட்டத்தை விட்டுப் பார்த்து, தாங்குகிறது என்று உறுதியான பிறகே பச்சை போட்டேன். அடுத்த ஏலம் கடைசி நொடி வரை ஓடியது. ஆனைமலைக்காரரின் கொப்பரை அதற்கு முன்பே வாய் ஏலத்தில் நல்ல விலைக்குப் போயிருந்தது என்று கேட்டபோதுதான் எனக்குச் சோறு இறங்கியது.

ஆண்டு மதிப்பீட்டுக்கு என்னைக் கூப்பிட்டார் செந்தில் சார். வேலையில் குறை எதுவும் சொல்லவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, ரொம்ப அக்கறையாகச் சொன்னார். "நாலு பேரோட அனுசரிச்சுப் போகப் பழகோணும் கண்ணு."

அந்த வருடம் எங்கள் கம்பெனியின் சிறந்த குழு விருது அந்தக் கொப்பரை ஆப் குழுவுக்குத்தான் கிடைத்தது. மேடையேறி மாலை வாங்கிக்கொண்டவர் யார் என்று, இதே பிழைப்பில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.