மூன்று குருவித் தோரணம்

எனக்குக் கைவேலை வராது என்று எங்கள் வீட்டில் ஒரு பேச்சு இருக்கிறது. இன்றைக்கும் நல்ல நாள் பெரிய நாளில் நான் தென்னங்குருத்தைத் தொட்டால் அம்மா வெடுக்கென்று பிடுங்கிக்கொள்வாள். இத்தனைக்கும் திண்டிவனத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில், எட்டு வயதிலேயே தனியாளாகத் தோரணம் பின்னி வாசலில் கட்டியவள் நான். அந்தத் தோரணம் செய்த வேலையை அதற்கப்புறம் எந்தத் தோரணமும் செய்ததில்லை. அதை மட்டும் யாரும் பேசமாட்டார்கள்.

அந்த வருஷம் அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, ஐந்து மாதமாக எங்கள் வீட்டில் இருந்தாள். எல்லாம் ஒரு பந்தியால் வந்த வினை. தம்பியின் காதுகுத்தில் அத்தையின் வீட்டுக்காரரை, எங்கள் மாமாவை, முதல் பந்திக்கு அப்பா கூப்பிடவில்லை. சாம்பார் பற்றாதோ என்ற பதற்றத்தில் மறந்துவிட்டார். பெண்ணெடுத்த வீட்டில் மாப்பிள்ளை கோபித்துக்கொள்ள இது போதாதா? மாமா கையை நனைக்காமல் டிவிஎஸ் வண்டியை எடுத்துக்கொண்டு வானூர்ப் பக்கம் இருந்த தம் ஊருக்குப் போய்விட்டார். இனி இந்த வாசற்படியை மிதிக்கமாட்டேன் என்று தெருவே கேட்கச் சொல்லிவிட்டுப் போனார். அத்தையும் லேசுப்பட்டவள் இல்லை. வீட்டுக்குள் வந்து கூப்பிட்டால்தான் கிளம்புவேன் என்று ஆவணியில் உட்கார்ந்தவள், மார்கழி முடிகிறவரை எழுந்திருக்கவில்லை. ஆனால் தெருவில் வண்டிச் சத்தம் கேட்டால் போதும், காயாத துணியை எடுக்கிற சாக்கில் வாசலுக்கு வந்துவிடுவாள்.

பொங்கல் நெருங்கியபோது பால்காரரிடம் மாமா சொல்லியனுப்பினார். போகியன்று காலையில் பொங்கல் புடவையோடு வருவாராம். தெருவிலேயே நின்று கொடுத்துவிட்டு அப்படியே திரும்பிவிடுவாராம்.

அத்தை கேட்டுவிட்டுச் சொன்னாள், "தெருவுல நின்னு கையேந்தி வாங்கிக்க நான் இன்னா பிச்சைக்காரியா? உள்ள வந்து குடுக்கட்டும்."

அன்று அப்பா சாப்பிடும்போது அம்மாவிடம் சொன்னதை நானும் கேட்டேன். இந்தப் புடவை திரும்பிப்போய்விட்டால் பிறகு பங்காளிகளைக் கூட்டி வைத்துத் தீர்த்துவிட வேண்டியதுதான், அதற்குமேல் ஒட்டாது என்றார். தீர்ப்பது என்றால் என்னவென்று எனக்குப் புரியவில்லை. ஆனால் அம்மா குழம்பு ஊற்றுவதை நிறுத்திவிட்டதைப் பார்த்து, அது நல்லதில்லை என்று மட்டும் தெரிந்தது.

மாமாவை உள்ளே வரவைக்க எனக்கு ஒரே வழிதான் தோன்றியது. வாசல் அவ்வளவு அழகாக இருந்தால் யாரால் வெளியே நிற்க முடியும்? மாவிலையும் வேப்பிலையும் எல்லார் வீட்டிலும்தான் தொங்கும். நான் தென்னங்குருத்தில் தோரணம் கட்டுவதென்று முடிவு செய்தேன். ஐப்பசியில் மேலத்தெருப் பெரியவர் செத்துப்போனபோது, ஒருவர் உட்கார்ந்து குருத்தோலையைக் கிழித்துக் குருவி குருவியாக மடித்துத் தோரணம் செய்ததை மதில்மேல் ஏறி முழுசாகப் பார்த்திருந்தேன். பிள்ளைகள் அந்தப் பக்கம் போகக்கூடாது என்று சொல்லியிருந்ததால்தான் போனேன். ஓர் ஓலைக்கு மூன்று குருவி. மூன்றுக்கும் தலை கீழே. எனக்கு அச்சுப் பிசகாமல் நினைவிருந்தது.

கொல்லையில் அப்பா ஆசையாக வளர்த்த தென்னங்கன்றின் குருத்தை அறுத்தேன். மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் ஒளிந்து உட்கார்ந்து, விரலெல்லாம் கீறிக்கொண்டு இரண்டு நாள் பின்னினேன். போகியன்று விடிந்ததும் அப்பா கரும்பு வெட்டக் கழனிக்குப் போனார். அம்மா கொட்டகையில் சாணம் வாரினாள். நான் முக்காலி போட்டு ஏறி வாசல் நிலையின் இரண்டு பக்கமும் கயிற்றைக் கட்டினேன். கீழே இறங்கிப் பார்த்தபோது என் கண்ணே பட்டுவிடும்போல இருந்தது.

அந்த நேரத்தில் அத்தை கோலமாவு டப்பாவோடு வந்தாள். மார்கழி முழுக்க எங்கள் தெருவிலேயே பெரிய கோலம் அவளுடையதுதான். கடைசி நாள் என்பதால் இருபத்தொரு புள்ளி வைக்கப்போவதாக முதல் நாளே சொல்லியிருந்தாள். வாசல் தெளித்துவிட்டு நிமிர்ந்தவள் தோரணத்தைப் பார்த்தாள். உதட்டை அசைத்து எண்ணினாள். பிய்க்கப்போகிறவள்போலக் கை மேலே போனது, பாதியில் நின்றது.

"இத யாருடி கட்டனது?"

நான்தான் என்றேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

அத்தை தெருக்கோடி வரைக்கும் ஒரு பார்வை பார்த்தாள். அம்மா பார்த்தாளா என்று கேட்டாள். இல்லை என்றேன். அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஐந்து மாதத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"செரி, இருக்கட்டும். நீ போய்க் குளி," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

குளிக்க யார் போவார்கள்? மாமா வந்து மூக்கின்மேல் விரல் வைப்பதைப் பார்க்கவேண்டாமா? திண்டிவனம் சாலையிலிருந்து வண்டி திரும்பியது. முன்னால் மஞ்சள் பை ஆடிக்கொண்டிருந்தது. மாமா மீசையை முறுக்கிவிட்டபடி வந்தவர், வாசலைப் பார்த்ததும் வண்டியை விட்டுவிட்டார். நிறுத்தவில்லை, விட்டேவிட்டார். அது ஒரு பக்கம் விழுந்தது, பை ஒரு பக்கம் விழுந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் படியேறி, "ஐயோ, உன்ன உட்டுட்டேனேடி" என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடினார்.

அத்தை அடுப்படியில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். மாமா அவளைப் பார்த்ததும் தரையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். அவ்வளவு பெரிய மீசை வைத்தவர் அழுது நான் பார்த்ததில்லை. எனக்கும் அழுகை வந்தது.

அத்தை ஒரு சொம்பு தண்ணீரை நீட்டினாள். "எனுக்கு ஒண்ணும் ஆவல. குடிங்க மொதல்ல."

அதற்குள் அப்பா வந்துவிட்டார். தோரணத்தையும் விழுந்துகிடந்த வண்டியையும் கண்டவர், கரும்புக்கட்டைத் தெருவிலேயே போட்டுவிட்டு அலறிக்கொண்டு ஓடிவந்து மாமாவைக் கட்டிக்கொண்டார். யார் போனது என்று இரண்டு பேரும் ஒருவரையொருவர் கேட்டார்கள். யாரும் போகவில்லை என்று புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரமானது.

அம்மா சாணிக் கையோடு ஓடிவந்து தோரணத்தை அறுத்தாள். நல்ல காரியத்துக்கு நான்கு குருவி, தலை மேலே; மூன்று குருவி தலைகீழாகத் தொங்கினால் அது சாவுத் தோரணம் என்று என் முதுகில் ஒன்று வைத்தபடியே விளக்கினாள். இரண்டாவது அடி விழாமல் அத்தை என்னை இழுத்துத் தன் முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

அப்பா தாமே இலை போட்டார். "மாப்ள, உக்காருங்க. மொத பந்தி உங்களுக்குத்தான்." மாமா செருப்பை அப்போதுதான் பார்த்தார். கழற்றி வெளியே வைத்துவிட்டு, திரும்பவும் தாமாகவே படியேறி வந்து உட்கார்ந்தார். சாயங்காலம் அத்தை புதுப்புடவை கட்டிக்கொண்டு வண்டியில் ஏறினாள். மறுநாள் பொங்கல் அவர்கள் வீட்டில் பொங்கியது.

அம்மா அடித்ததுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. எனக்கு மனக்குறையாக இருந்தது வேறொன்று. இருபத்தொரு புள்ளி வைப்பேன் என்ற அத்தை, அன்றைக்குக் கோலமாவு டப்பாவைத் திறக்காமலேயே உள்ளே எடுத்துப்போய்விட்டாள். சாவு விழுந்த வீட்டு வாசலில்தான் கோலம் இருக்காது என்பதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. பாவம், அத்தைக்குக் கை வலி என்று நினைத்துக்கொண்டேன்.