காலையில் மட்டும் வந்த வயிற்றுவலி

கணவர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன மாதத்தில், பண்டார் பாரு பக்கத்துத் தோட்ட வீட்டைக் காலி செய்துவிட்டு நானும் எட்டு வயது மகளும் பாக்கார் ஆராங் தொழிற்பேட்டைப் பக்கம் குடிவந்தோம். எனக்கு அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்திருந்தது. வரிசை வீடுகள். ஏழு மணிக்குள் எல்லா வாசலிலும் கார் கிளம்பிவிடும், கேட் பூட்டிக்கொள்ளும். பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதே எனக்கு வெகுநாள் தெரியாது.

மூன்றாவது வாரம் மகளுக்கு வயிற்றுவலி தொடங்கியது. சீருடை போட்டதும் வலிக்கும். காலில் சப்பாத்து மாட்டும்போது வாந்தி எடுப்பாள். இந்த மாநிலத்தில் வார விடுமுறையான வெள்ளி, சனியில் இரண்டு ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டு ஓடியாடுவாள்.

"நடிக்கிறியா?" என்று ஒருநாள் கேட்டேன். அவள் வாயைத் துடைத்துவிட்டு, பள்ளியில் இறக்கிவிட்டு வேலைக்குப் போனேன். அந்தக் கேள்வியை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

கிளினிக்கில் ஓர் இளம் தமிழ் டாக்டர் அவளைப் பொறுமையாகச் சோதித்துப் பார்த்தார்.

"வயித்துல கோளாறு ஒண்ணும் இல்லக்கா. ஆனா வலி நெசம். பயந்தா உடம்பு ஓடுறதுக்குத் தயாராகும். நெஞ்சு அடிக்கும், கை சில்லுனு ஆகும், வயித்தப் பெரட்டும். பிள்ளைங்களுக்கு அத பயம்னு சொல்லத் தெரியாது லா. வயித்துவலின்னுதான் சொல்லுவாங்க. வீட்டுல ஏதாச்சும் மாறிச்சா?"

"எல்லாமே மாறிடுச்சு" என்றேன்.

அடுத்த வாரம் வகுப்பு ஆசிரியை அழைத்தார். ஓய்வு நேரத்தில் மகள் சாப்பிடுவதில்லை, தனியாக எங்கோ போய் நிற்கிறாள் என்றார். அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். சிற்றுண்டிச்சாலைக்குப் பின்னால், வெயில் பட்ட சுவரில் முதுகையும் இரண்டு உள்ளங்கைகளையும் ஒட்டவைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"யாராச்சும் நிக்க வச்சாங்களா?"

"இல்லம்மா. கை சூடானா நெஞ்சு மெதுவா அடிக்கும். நானே கண்டுபிடிச்சேன்."

எத்தனை நாள் அப்படித் தனியாக நின்றாள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவள் பக்கத்தில் நானும் சுவரில் சாய்ந்தேன்.

"அம்மாவுக்கும் காலையில நெஞ்சு அடிக்குது" என்றேன். அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவள் என் மார்பில் கை வைத்துப் பார்த்தாள்.

"ஆமா, ஓடுது" என்றாள்.

அதன்பின் கொஞ்சம் முன்னதாகவே எழுந்தோம். அன்றைக்கு என்னென்ன நடக்கும், நான் எத்தனை மணிக்கு அழைத்துப்போக வருவேன் என்று மைலோ குடிக்கும்போதே சொல்லிவிடுவேன். ஆசிரியை ஒரு சிறுமியை அவளுடன் சாப்பிட உட்காரவைத்தார். சில மாதங்களில் வாந்தி நின்றது. வகுப்புச் சோதனை எழுதும் நாட்களில் வலி மட்டும் வந்துபோனது.

கணவருக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை, மகளுக்கோ அது பள்ளி நாள். சாயங்காலம்தான் போனில் கூப்பிடுவார். ஒருமுறை அவள் கேட்டாள்: "அப்பா, பயம் வந்தா உங்களுக்கு எங்க வலிக்கும்?"

சிரித்தார். பிறகு சிரிப்பு அடங்கிய குரலில் சொன்னார்:

"கழுத்துல, பாப்பா."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்ல. இங்க யார்கிட்டச் சொல்றது?"

அவர் திரும்பி வர மேலும் ஓர் ஆண்டு ஆனது. ஒவ்வொரு ஞாயிறும், சாப்பிட்டாரா என்று கேட்பதற்கு முன், கழுத்து எப்படி இருக்கிறது என்றுதான் அவள் அவரிடம் கேட்பாள்.