அஸருக்குப் பிறகு கொஞ்ச நேரம்

கல்யாணமான புதிதிலேயே என் கணவர் ரியாத்துக்கு, ஒரு மளிகைக்கடை வேலைக்குப் போய்விட்டார். வெள்ளிக்கிழமை மட்டும்தான் அவர் குரல். கம்பத்தில் எங்கள் தெருமுனை எஸ்.டி.டி. பூத்தில் நானும் மாமியாரும் போய்க் காத்திருப்போம். மற்ற நாளெல்லாம் அவரிடம் சொல்லவேண்டியது மனசுக்குள் சேரும். சேர்ந்ததில் பாதி கதையாகிவிடும். அரிசி களையும்போது ஒரு வரி வரும்; சோறு வடிப்பதற்குள் அடுத்த வரி வந்திருக்கும். அப்படி எழுதியவற்றில் சில பத்திரிகைகளிலும் வந்தன.

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் விடுப்பில் வந்தவர் எனக்கொரு செல்போன் கொண்டுவந்தார். திரும்பிப் போனதும் அது அடிக்கத் தொடங்கியது. கடையில் ஆள் இல்லாவிட்டால் அடிப்பார். என்ன குழம்பு என்பார், அங்கே மழையா என்பார். எனக்கும் அது வேண்டியிருந்தது. அடிக்காத நேரத்தில் போனையே பார்த்துக்கொண்டிருப்பேன். கதை மட்டும் நின்றுபோனது. ஒரு வரி தொடங்கினால், முடிவதற்குள் காது போன் பக்கம் போய்விடும்.

வெகுநாள் பொறுத்துவிட்டு அவரிடமே சொன்னேன்.

“மச்சான், சாயங்காலம் அஸர் தொழுதுட்டு, பொழுதடைஞ்சு மஃரிப் பாங்கு சொல்ற வரைக்கும் எங்க அத்தா திராட்சைத் தோட்டத்துல போய் உக்காந்து எழுதப் போறேன். போனை வீட்டுலயே வச்சிருவேன்.”

“எம்மேல வருத்தமா?” என்றார்.

“இல்ல. நீங்க பேசாதப்பத்தான் எனக்கு எழுத வருது.”

“சரி, போ.”

முதல் நாட்களில் அப்பாவின் திராட்சைப் பந்தலடியில் வெறும் தாளைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். கூட இல்லாத போன் காதுக்குள் அடித்தது. ஒருநாள் மலைப்பக்கமிருந்து காற்று இறங்கியபோது, கதைக்குள் ஒரு பெண் பேசத் தொடங்கினாள். எழுதிக்கொண்டே போனேன். மஃரிப் பாங்கு கேட்டுத்தான் நிமிர்ந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் சொன்னார்: “நீ போனதுலருந்து அடிச்சுக்கிட்டே கெடந்துச்சு ஆத்தா. தெனமும் இப்படித்தான். உம் போனுன்னு நான் தொடலை.”

பதறிப்போய் மிஸ்டு கால் கொடுத்தேன். உடனே அடித்தார்.

“ஏதும் அவசரமா மச்சான்? நான் எடுக்க மாட்டேன்னு தெரியும்ல?”

“தெரியும். அங்கன நம்ம வீட்டுக்குள்ள மணி அடிக்குதுன்னு நெனச்சா எனக்குப் போதும்.”

எழுதியதைப் படிக்கச் சொன்னார். படித்தேன். பாதியில் அவர் போன் கார்டில் காசு தீர்ந்து லைன் கட்டானது.

“மிச்சத்தையும் படி ஆத்தா,” என்றார் மாமியார், போன் பக்கமே பார்த்தபடி. கடைசி வரி வரை படித்தேன்.