மாப்பிள்ளை வாட்ச்சின் பழைய மெஷின்

எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளணும். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் நான். அதற்கப்புறம் கல்யாணப் பத்திரிகையில் பெயர் எழுதியதைத் தவிர பேனா பிடித்த பழக்கமில்லை. மறதியும் வந்துவிட்டது. முன்னால் நடந்ததைப் பின்னால் சொல்வேன், சொன்னதையே திரும்பச் சொல்வேன். வாயால் சொல்லலாம் என்றால் அது இதைவிட மோசம். எதிரே ஒருத்தர் முகம் தெரிந்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனால் இதை யாராவது ஒருத்தர் வரிசையாகச் சொல்லியாகணும். இவர் சொல்ல மாட்டார். அதனால் நான் எழுதுகிறேன்.

இவர் என்றால் என் வீட்டுக்காரர். திருத்துறைப்பூண்டியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் வாட்ச் ரிப்பேர் கடை. ஒரு மேசை, ஒரு கண்ணாடிப் பெட்டி, அவ்வளவுதான். இப்போது அங்கே வருகிற வாட்ச்சில் பாதிக்கு மேல் டூப்ளிகேட். "ஃபர்ஸ்ட் காப்பி" என்று பெருமையாகச் சொல்லித்தான் வைப்பார்கள். வெளியே பெரிய கம்பெனிப் பெயர் இருக்கும். உள்ளே என்ன மெஷின் என்பது திறந்தால்தான் தெரியும். வாட்ச்சுக்குள் ஓடுகிற எந்திரம் முழுவதையும் நாங்கள் மெஷின் என்றுதான் சொல்வோம். பேட்டரி இல்லாமல், கை அசைகிற அசைவிலேயே சாவி ஏறி ஓடுகிற மெஷினும் காப்பி வாட்ச்சில் வருகிறது. அது நின்றுபோய்க் கொண்டுவந்தால் இவர் முகத்துக்கு நேரே கேட்பார். "தம்பி, பழையபடி இதே மெஷின் போட்டா மறுபடி நிக்கும். ஜப்பான் மெஷின் போட்டா நிக்காது. எது வேணும்?" காப்பி என்று சொன்னதற்காக யாரும் இவரைக் கோபித்துக்கொண்டதில்லை. தெரிந்துதானே வாங்கியிருக்கிறார்கள்.

தெரியாமல் வைத்திருந்தவர் ஒருத்தர்தான். அவர் எங்கள் மாப்பிள்ளை.

மகளைத் தஞ்சாவூரில் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளை சவுதியில் ஓர் அரபி வீட்டில் டிரைவராக இருந்தவர். வாலிபம் முழுக்க அந்த ஒரே வீட்டு வண்டிதான். போதும் என்று ஊருக்குக் கிளம்பிய அன்று அந்த அரபி தன் கையில் கட்டியிருந்த வாட்ச்சைக் கழற்றி மாப்பிள்ளை கையில் மாட்டிவிட்டாராம். எந்தப் பந்தியில் உட்கார்ந்தாலும் மாப்பிள்ளை முதலில் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொள்வார். யாராவது கேட்பார்கள். கேட்காவிட்டால் அவர் அம்மா கேட்க வைத்துவிடுவார். "கடையில வாங்குனது இல்ல, கையிலேர்ந்து கழட்டிக் கொடுத்தது" என்று அவர் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கும். அது அலட்டல் இல்லை.

அந்த வாட்ச் நின்றுபோனது. ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகை முடிந்து மாப்பிள்ளை வீட்டுக்கே கொண்டுவந்தார். மாப்பிள்ளைக்கு முன்னால் மாமியார் உட்கார்ந்து பேசுகிற வழக்கம் எங்களில் இல்லை. நான் சமையற்கட்டு வாசலில் திரைக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

"வண்டி கழுவுறப்போ தண்ணி ஏறிடுச்சு மாமா. வேற யாரு கையிலயும் கொடுக்க மனசு வரல. நீங்க திறந்தா நானே திறந்த மாதிரி."

"வச்சிட்டுப் போங்க மாப்ளே. ஓவராயிலிங் பண்ணி வச்சிடுறேன்" என்றார் இவர். ஓவராயிலிங் என்றால் மெஷினைப் பிரித்து, கழுவி, எண்ணெய் வைத்துக் கோர்ப்பது.

மாப்பிள்ளை போனதும் சன்னலோரம் மேசையைப் போட்டுத் திறந்தார். பெட்ரோல் கிண்ணமும் பிரஷ்ஷும் எடுத்து வைப்பது என் வேலை. வேலை செய்யும்போது இவர் சும்மா இருக்க மாட்டார். "வயித்துல கல்லு, காலையில என்னத்தத் தின்னுச்சோ" என்று வாட்ச்சோடு பேசுவார். அன்றைக்குப் பேச்சில்லை. கண்ணில் மாட்டியிருந்த லென்ஸைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

"இந்தா, பாரு."

"எனக்கு என்னங்க தெரியும்?"

"பேர் எங்க எழுதியிருக்கு?"

"சுத்துற தகட்டு மேல."

"தகட்டை ஒதுக்கிட்டு அதுக்குக் கீழ பாரு."

பார்த்தேன். மேலே பெயர் வெட்டின அரைவட்டத் தகடு பளபளவென்று இருக்கிறது. அதற்குக் கீழே அத்தனையும் மொட்டை. மெருகு இல்லை, ஸ்குரூ தலையில் பிசிறு. பையன்கள் கொண்டுவருகிற காப்பி வாட்ச்சில் நான் கழுவிக் கழுவிப் பார்த்த அதே மெஷின். சாவித்தண்டு நுழைகிற இடத்தில் துரு ஏறி, டயலுக்கு அடியில் இருக்கிற தேதி வளையத்தில் பாதி தூரம் செம்மண் நிறத்தில் பரவியிருந்தது.

"வெளிக்கூடுங்க?"

"அதுவும்தான். நல்லா செஞ்சிருக்கான் பாவி. பந்தியில எத்தனை தடவை பக்கத்துல உட்கார்ந்து பார்த்தேன், என்னையே ஏமாத்திட்டான்."

"சொல்லிடுங்க."

"என்னன்னு சொல்ல? இத்தனை வருஷம் வண்டி ஓட்டுனதுக்கு உனக்குக் கிடைச்சது டூப்ளிகேட்டுன்னு சொல்லவா? நீ போய்ச் சொல்லு, பார்ப்போம்."

நான் எங்கே சொல்ல.

அப்புறம் மெஷின் தேடினார். அதே மாதிரிப் புதுசு ஒன்று கடையில் இருந்தது. அதைத் தொடவே இல்லை, "அவர் கையில இது நிக்கக் கூடாது" என்றார். பழைய சுவிஸ் மெஷின் ஒன்று வைத்திருந்தார், நல்ல மெஷின். ஆனால் அது தினம் சாவி கொடுக்கிறது, தேதியும் கிடையாது. டயலில் தேதிச் சன்னல் இருக்கிறதே. கடைசியில் கை அசைவிலேயே ஓடுகிற ஜப்பான் ஆட்டோமேட்டிக் மெஷின் ஒன்றை வைத்துப் பார்த்தார். டயலுக்குப் பின்னால் இரண்டு குட்டிக் கால் உண்டு, அது மெஷினில் இருக்கிற ஓட்டையில் உட்கார்ந்தால்தான் டயல் ஆடாது. உட்கார்ந்தது. சாவித்தண்டு நீளமாக இருந்தது. அறுத்து, அரம் போட்டு, வைத்துப் பார்த்து, திரும்ப அரம் போட்டார். செகண்ட் முள்ளின் துளை பெரிசாக இருந்ததால் அதை நசுக்கிச் சரி செய்தார். முள் துள்ளாமல் வழுக்கிக்கொண்டு போக ஆரம்பித்ததும்தான் டீயைக் குடித்தார். அதற்குள் ஆறிப்போய்விட்டது.

நான் பழைய தகட்டைக் காட்டினேன். "பேர் இருக்குதே, இதைக் கழட்டிப் புதுசுல மாட்டிட்டா?"

"மாட்டலாம். கொஞ்சம் அரம் போட்டா உட்கார்ந்துடும்."

"பின்ன?"

"மாட்டினா நானும் டூப்ளிகேட் செஞ்சவன்தானே. ஓடாததை ஓட வைக்கலாம். இல்லாத பேரை என் கையால எழுதக் கூடாது."

இந்தப் பேச்சை நான் மறக்கவில்லை. மற்றது மறந்தாலும் இது நினைவிருக்கிறது.

மூடுவதற்கு முன்னால் வழக்கப்படி ஊசியை எடுத்தார். வாட்ச் ரிப்பேர்க்காரர்கள் பின்மூடியின் உள்பக்கத்தில் தங்கள் அடையாளத்தைக் கீறி வைப்பார்கள். மறுபடி வந்தால் யார் பார்த்தது, எப்போது பார்த்தது என்று தெரிய. இவருடையது ஒரு சின்னப் பிறை, பக்கத்தில் மாதம். நினைத்துச் செய்யவில்லை. வாசற்படி ஏறும்போது செருப்பைக் கழற்றுவதுபோல் கை தானாகச் செய்தது. நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், எனக்கும் தோன்றவில்லை. இன்னொரு வழக்கம் உண்டு. கழற்றின பழைய சாமானைத் தாளில் மடித்து வாட்ச்சோடு திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதை மட்டும் அன்று செய்யவில்லை. கொடுத்தால் கேள்வி வரும். பழைய மெஷினை ஒரு பவுடர் டப்பாவில் போட்டுப் பீரோவில் வைத்துவிட்டார்.

மாப்பிள்ளைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "மாமா கை பட்டதும் முன்னைவிட நல்லா ஓடுது" என்று எல்லாரிடமும் சொன்னார்.

போன ஐப்பசி மழையில் அந்த வாட்ச்சின் கண்ணாடிக்குள் ஆவி படிந்துவிட்டது. இவருக்கு அப்போது காய்ச்சல். தொந்தரவு செய்ய வேண்டாம் என்று மாப்பிள்ளை தஞ்சாவூரிலேயே ஒரு பெரிய வாட்ச் கடைக்குப் போயிருக்கிறார். அங்கே திறந்தவன், "உள்ள மெஷினை மாத்தியிருக்காங்க சார். இந்தக் கம்பெனி ஜப்பான் மெஷின் போடாது. கடைசியா யாரு திறந்தா?" என்று கேட்டு, மூடியைத் திருப்பிக் காட்டியிருக்கிறான். பிறை இருந்தது. வெளிக்கூடும் டூப்ளிகேட் என்பது அவனுக்குத் தெரியவில்லையா, தெரிந்தும் எதற்கு வம்பு என்று விட்டுவிட்டானா, தெரியாது. பாதியைச் சொன்னான். அந்தப் பாதி எங்கள் தலையில் விழுந்தது.

மகள் போனில் அழுதாள். "அவங்க ஒரு வார்த்தை பேசலம்மா. வாட்ச்சைக் கழட்டி மேல வச்சிட்டாங்க. மாமிதான் வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம், எங்க சம்மந்தி வாட்ச்சுக்கு ஆபரேஷன் பண்ணி வயித்தையே எடுத்துட்டாருன்னு சொல்லிச் சிரிக்கிறாங்க. அத்தா எடுத்தாங்களாம்மா? சொல்லும்மா."

பெற்ற மகளே தகப்பனைப் பற்றிக் கேட்கிறாள், எடுத்தாங்களா என்று.

இவரிடம் சொன்னேன். போர்வைக்குள்ளேயே கேட்டுக்கொண்டார். "கள்ளன்னு நினைச்சா நினைக்கட்டும். நினைச்சு ஆறிடும். மத்தது தெரிஞ்சா ஆறாது."

"உங்க மகளும் நினைக்கிறா."

போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டார். காய்ச்சல் விட்ட பிறகும் கடைக்கு ஒழுங்காகப் போகவில்லை. போன அன்றும் ஒரு ஹேர் ஸ்பிரிங்கை, மயிரிழை மாதிரி இருக்கிற அந்தச் சுருளை, சிக்கலாக்கிவிட்டு வந்தார். இவர் கை அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. பெருநாளுக்கு மகளும் வரவில்லை.

அறுவடை நேரத்தில் ஒரு நாள், மகளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். டப்பா இடுப்பில் சுருக்குப் பையில். மன்னார்குடி தாண்டி ரோட்டில் பாதி தூரத்துக்கு நெல் காயப் போட்டிருந்தார்கள். பஸ் ஒரு பக்கமாக ஊர்ந்து போனது. என்ன பேசுவது என்று மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். தஞ்சாவூரில் இறங்கியபோது ஒன்றும் மிச்சமில்லை.

சம்மந்தியம்மாதான் கதவைத் திறந்தார். "வாங்க வாங்க. வாட்ச் ஏதும் ரிப்பேர் இல்லீங்களே இங்க" என்றார். மகள் முகம் கறுத்துப்போனது. மாப்பிள்ளை உள்ளறையிலிருந்து வந்து, "வாங்க மாமி" என்றார். பார்வை தரையில்.

நான் திரை தேடவில்லை. அவர் எதிரிலேயே பாயில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்து வைத்தேன்.

"மாப்ளே, உங்க வாட்ச்சுல இருந்தது இதுதான். அன்னைக்கே தந்திருக்கணும். உங்க மாமா தரல."

அவர் எடுத்துப் பார்த்தார். பெயர் எழுதின தகட்டை விரலால் சுற்றினார். "இதுதானே ஒரிஜினல்? பேர் இருக்கே. எதுக்கு மாமி கழட்டுனாரு?"

"தகட்டுக்குக் கீழ பாருங்க. இது காப்பி வாட்ச்சுல வர்ற மெஷின். வாட்ச்சே காப்பிதான் மாப்ளே. உங்ககிட்ட சொல்ல உங்க மாமாவுக்கு வாய் வரல."

சம்மந்தியம்மா விடவில்லை. "நல்லா இருக்கே! அங்க கடையில இந்த மாதிரி ஆயிரம் கிடக்கும். ஒண்ணைக் கொண்டாந்து இதுதான் அதுன்னா?"

அப்போதுதான் துரு நினைவுக்கு வந்தது. "தண்ணி சாவி வழியாத்தானே ஏறுச்சு? டயல்ல தேதிச் சன்னல் ஓரமா ஒரு கறை இருக்கும், பாருங்க. இந்த வளையத்துலயும் அதே இடத்துலதான் துரு. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க."

மாப்பிள்ளை உள்ளே போய் வாட்ச்சைக் கொண்டுவந்தார். கறை எங்கே என்று அவருக்குப் பார்க்காமலே தெரிந்திருக்கும், தினமும் துடைத்தவர்தானே. பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"கையிலேர்ந்து கழட்டி மாட்டுனாரு மாமி" என்றார். "அவர் கைச் சூடு கூட இருந்துச்சு."

"அவரும் தெரியாமத்தான் கட்டியிருந்திருப்பாரு மாப்ளே. யாரு கண்டா?"

இது நான் பஸ்ஸில் சொல்லிப் பார்த்த பேச்சு இல்லை. அந்த நேரத்துக்கு வந்தது. உண்மையா என்று அல்லாவுக்குத்தான் தெரியும். மாப்பிள்ளை மெஷினை டப்பாவில் போட்டு, டப்பாவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "சென்னையில தெரிஞ்ச ஒருத்தர் இருக்காரு. ரெண்டையும் காட்டிக் கேட்கிறேன். அதுவரைக்கும் யாரும் ஒண்ணும் பேச வேணாம்." இதைச் சொன்னது என்னைப் பார்த்தா, அவர் அம்மாவைப் பார்த்தா, எனக்குப் புரியவில்லை. என்னை நம்பினாரா என்பதும் புரியவில்லை. மகள் மட்டும் பஸ் ஏற்றிவிட வந்தாள். என் கையைப் பிடித்தபடியே வந்தாள்.

வீட்டுக்கு வந்தபோது பீரோ சாத்தாமல் கிடந்தது. டப்பா இல்லாததை இவர் பார்த்துவிட்டார். "நெல்லு ஈரமா இருந்துச்சா?" என்று கேட்டார். "காய்ஞ்சுக்கிட்டு இருக்கு" என்றேன்.

சென்னையிலிருந்து இன்னும் பதில் இல்லை. போன் அடித்தால் இவர் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விடுகிறார்.

இதைப் படிக்கிறவர்களில் மெஷின் தெரிந்தவர்கள் இருந்தால் ஒரு உதவி. டயல் கால் உட்கார்ந்தது, தண்டை அறுத்தது, முள்ளின் துளை, துரு இருந்த பக்கம், இதெல்லாம் நான் பார்த்ததுதான், ஆனால் மாற்றிச் சொல்லியிருப்பேன். எங்கே தப்பு என்று பார்த்துத் திருத்திச் சொல்லுங்கள். நாளைக்கு மாப்பிள்ளை கையில் இது கிடைத்து, நான் ஒரு ஸ்குரூவைத் தப்பாக எழுதியிருந்தால், மற்றதெல்லாம் பொய் என்று ஆகிவிடும்.