மலையிறங்கும் விளக்குகள்

பக்கத்து ஃபிளாட்டில் ஒரு குழந்தை கத்திப் படிக்கிறது: "திஸ் இஸ் எ பால். தட் இஸ் எ ட்ரீ."

போடியில் எங்கள் டீச்சர் இதை விரலால் சொல்லிக்கொடுத்தார். அருகில் இருப்பதைத் தொட்டு 'திஸ்'. தூரத்தில் இருப்பதற்கு விரல் நீட்டி 'தட்'. தொடாமல் 'திஸ்' சொன்னால் முட்டியில் ஸ்கேல் விழும். அந்த ஸ்கேலை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அம்மா மலைமேல் ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கப் போவாள். இருட்டுகிற நேரத்தில் ஜீப்புகள் விளக்குப் போட்டு வரிசையாக இறங்கும். வீட்டில் வேறு யாருமில்லை. வாசலில் நின்று ஏதோ ஒரு விளக்கைக் காட்டி, "தட் இஸ் மை மதர்" என்பேன்.

ஒருநாள் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அங்கன யாரடி காட்டுற? நான் இங்கன நிக்கிறேன்."

முந்தின ஜீப்பில் வந்து, கொல்லைப்புறமாக நுழைந்திருக்கிறாள். ஏலக்காய் மணக்கும் அவள் கையைத் தொட்டு, "திஸ் இஸ் மை மதர்" என்றேன்.

"என்னத்தையோ சொல்லு. சோறு தின்னியா?"

அம்மா போய் நாலு வருஷம் ஆகிறது. பால்கனிக்கு வந்தேன். மேம்பாலத்தில் வண்டி விளக்குகள் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தன. ஒன்றைப் பார்த்து விரலை நீட்டினேன். நீட்டியபடியே வெகுநேரம் நின்றேன். பின்னாலிருந்து யாரும் கூப்பிடவில்லை.