அமுங்கிப்போன உறுமி

2025 பிப்ரவரி 11, தைப்பூசம். வழக்கம்போல் ஐந்தரைக்கு எழுந்து, கோயிலுக்குப் போகும் தண்ணீர்மலைச் சாலையில் எங்கள் தண்ணீர்ப் பந்தலுக்குப் போய், மோர் கரைத்துவிட்டு, ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு வைத்தேன்.

பத்து மணிக்கு ஓர் அலகுக் காவடி வந்தது. கூட வந்த உறுமிக்காரர் என்னைக் கும்பிட்டார்.

“அண்ணே, சவுண்ட கொறைங்க லா. எங்க உறுமி அடிய கேட்டுத்தான் அவரு நடக்கிறாரு.”

“ஒங்க டொம் டொம்ம யாரு தம்பி கேக்குறா? கூட்டம் இதுக்குத்தான் நிக்குது,” என்று சிரித்தபடி ஒலியைக் கூட்டினேன்.

உறுமி அமுங்கிப்போனது. காவடிக்காரரின் கால் நின்றது. முதுகுக் கொக்கிகள் தோலை இழுக்க, காவடியோடு சாய்ந்தார். நாலு பேர் தாங்கிப் பிடித்தார்கள். பதறி ஒலியை நிறுத்தினேன். உறுமி மறுபடி கேட்டதும் அவர் கால் மெல்ல நகர்ந்தது.

யாருமே கேட்கவில்லை என்று நான் நினைத்த இசையைப் பிடித்துக்கொண்டுதான் அவர் நின்றிருக்கிறார்.

மறுநாள் காலை முதல் வேலையாக, உறுமிக்காரரின் சட்டை முதுகில் அச்சிட்டிருந்ததைப் பார்த்துக் குறித்துவைத்த தொலைபேசி எண்ணை அழைத்தேன்.

“நேத்து பந்தல்ல சவுண்ட கூட்டுனவன் பேசுறேன். அவரு நல்லா நடக்கிறாரா, தம்பி?”