மாதம் ஒரு மூட்டை விதைநெல்

மில்லுக்குத் தைத்த சட்டையை எங்கள் தீவுக்கு மாட்டிவிட்டார்கள். எழுபதுகளில் போர்ட் பிளேரில் நான் அரசாங்க ஸ்டோர் கிளார்க். சரக்குக் கணக்கை இனி கல்கத்தாவில் இருக்கும் கம்ப்யூட்டர் பார்க்கும், கையால் ஆர்டர் போடக் கூடாது என்று உத்தரவு வந்தது. ஏதோ ஒரு துணி மில்லுக்காக எழுதிய புரோகிராமை அப்படியே விலைக்கு வாங்கியிருந்தார்கள். செலவான சரக்கைக் கார்டில் குறித்து மாதாமாதம் கப்பலில் அனுப்புவோம். அதைப் பார்த்து, எதை எவ்வளவு வாங்குவது என்று அது முடிவு செய்யும்.

மில்லில் பஞ்சு தினமும் செலவாகும். விதைநெல் அப்படியா? வருஷத்துக்கு ஒரே தடவை, மழைக்கு முன்னால், மொத்தமாகத் தெற்குக் கோடித் தீவில் இருக்கும் கேம்பல் பே என்ற ஊருக்குக் கப்பலேறும். மூன்று மாதம் அசையாத சரக்கை வேண்டாத சரக்கு என்று அந்தப் புரோகிராம் அடித்துவிடும். கேம்பல் பேயில் காடு வெட்டிய நிலத்தில்தான் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற என் அண்ணன் குடியேறியிருந்தார். முதல் வெள்ளாமை. கையிலிருந்ததை எல்லாம் போட்டு எருமை வாங்கியிருந்தார்.

கல்கத்தாவிலிருந்து வந்த இன்ஜினீயரிடம் தொண்டை வற்றச் சொன்னேன். புரோகிராமில் கை வைக்க முடியாது, நாம்தான் அனுசரிக்க வேண்டும் என்றார் அந்த மகானுபாவர். மாதம் ஒரு மூட்டை செலவானதாகக் கார்டு போடுங்கள், அது விதையை மறக்காது என்று வழியும் சொன்னார். அவ்வளவுதான் நம் தேவை என்று அது எடுத்துக்கொண்டால் என்ன செய்வது என்று கேட்டேன். மேலதிகாரி என்னை வாயை மூடச் சொன்னார்.

அது மறக்கவில்லை. மாதத்துக்கு ஒன்று என்று கணக்குப் போட்டு, மூன்று மாதக் கையிருப்புக்கு மூன்று மூட்டை வாங்கி அனுப்பியது. ஊர் மொத்தத்துக்கும் அவ்வளவுதான். அதைக் கொண்டுபோய் இறக்கும் வேலையும் என் தலையில் விழுந்தது.

கேம்பல் பே கப்பல்துறையில் அண்ணன், இன்னும் மூட்டைகள் இறங்கும் என்று கப்பலையே பார்த்துக்கொண்டு நின்றார். நடந்ததைச் சொன்னேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"உழுது போட்டாச்சுடா தம்பி," என்றார். "அந்த மெயின்லேண்ட் மெஷின்கிட்ட கேளு, மழைய நிறுத்தி வைக்குமான்னு."

மழை அன்று சாயங்காலமே பிடித்துக்கொண்டது. அண்ணன் எருமையை விற்றுவிட்டு ரோடு போடும் வேலைக்குக் கூலியாகப் போனார். ஆபீஸ் திரும்பியதும், அந்த மாதமும் விதைநெல் ஒரு மூட்டை செலவு என்று கார்டு போட்டேன். போடாவிட்டால் அடுத்த வருஷம் அந்த மூன்றும் வராது.